ஊருக்கு அடியில் ஊர்: சுங்கை மாஸ் கம்பமும் கடாரத்தின் தொன்மையும்

கெடா மாநிலத்தில் மூடா ஆறு கடலோடு கலக்கும் பகுதியை ஒட்டிக் கம்போங் சுங்கை மாஸ் என்னும் சிற்றூர் உள்ளது. சுங்கை மாஸ் என்பதற்குப் பொன்னாறு என்று பொருள். நாம் பேச்சு வழக்கில் கம்பம் என்று சொல்லும் மலாய்ச் சிற்றூர்களுள் அதுவும் ஒன்று. வீடுகள், தோட்டங்கள், சிறு பாதைகள் ஆகியவற்றைத் தவிர, வழிப்போக்கர் நின்று நோக்கத்தக்க எதுவும் அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் வீட்டைச் சுற்றியுள்ள மண்ணைக் கிளறினால் சிறு கண்ணாடி மணிகளும் பானை ஓடுகளும் வெளிவரும் என்பது அவ்வூரார் அறிந்த செய்தி. அவர்கள் குடியிருக்கும் நிலத்துக்கு அடியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட துறைமுகம் ஒன்று புதைந்து கிடக்கிறது.

இச்சிற்றூரைப் பற்றிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நாம் ஏன் பேச வேண்டும்? இவ்வினாவுக்கு விடையாக, வகுப்பறையில் மாணவர் ஒருவர் என்னிடம் எழுப்பிய வேறொரு வினாவைக் கூற விரும்புகிறேன். இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பைப் பற்றி நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, "கடாரம் நம்முடையதா, ஐயா?" என்று அம்மாணவர் கேட்டார். ஆம் என்று சொல்ல என் நா எழுந்தது. ஆனால் என்ன சான்றைக் கொண்டு அவ்வாறு சொல்வது என்று தெரியவில்லை. இல்லை என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. அன்று நான் தந்த விடை எனக்கே நிறைவு தராத ஒன்று. இவ்வுரை அம்மாணவருக்குக் காலந்தாழ்ந்து தரப்படும் விடை எனக் கொள்ளலாம்.

நம் வாசலில் கிடைத்தவை

கடாரத்துக்குச் செல்லுமுன் நம் வட்டாரத்தையே சற்று நோக்குவோம். தொல்பொருள் என்றால் கெடாவுக்கோ கீழடிக்கோ செல்ல வேண்டும் என்னும் எண்ணம் மாணவரிடையே உண்டு. கிள்ளானில் கிடைத்த பழமையான வெண்கல மணி ஒன்று இன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. கிள்ளான் புக்கிட் கூடாவில் பழைய வெண்கல முரசு ஒன்று கிடைத்தது. துலாங் மாவாஸ், அதாவது குரங்கின் எலும்பு என்று மலாய் மக்கள் பெயரிட்டழைத்த பழைய இரும்புக் கருவிகளும் கிள்ளான் வட்டாரத்தில் கிடைத்துள்ளன.

கோல லங்காட் மாவட்டத்தில், பந்திங் நகருக்கு அண்மையில் உள்ள கம்போங் சுங்கை லாங் இன்னும் குறிப்பிடத்தக்கது. 1964ஆம் ஆண்டில் அவ்வூரின் சிறு மண்மேடு ஒன்றிலிருந்து இரண்டு வெண்கல முரசுகள் வெளிப்பட்டன. மரப்பலகை ஒன்றின்மேல் அவை வைக்கப்பட்டிருந்தன. அப்பலகை படகொன்றின் பகுதியாக இருக்கலாம் என்பர். இவ்வகை முரசுகள் வடவியட்நாமின் டோங் சோன் பண்பாட்டுக்கு உரியவை. கடல்வழியே இத்துணைத் தொலைவு கொண்டுவரப்பட்ட விலைமிக்க பொருள் ஒன்று இங்கே மண்ணுள் வைக்கப்பட்டது என்றால், அதற்கு ஈடாகத் தரத்தக்க பொருள் இவ்வட்டாரத்தாரிடம் இருந்திருக்க வேண்டும். அஃது ஈயமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுவர். கோலாலம்பூர் என்னும் நகரை 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய அதே ஈயம், அதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வாற்றுப் படுகைகளை உலகக் கடல்வழிகளோடு இணைத்திருக்கக்கூடும்.

ஆகவே, ஊருக்கு அடியில் ஊர் என்பது நமக்கு அயலான செய்தியன்று. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் கிடைத்தவை தனிப்பொருள்கள். ஊரே புதைந்து கிடப்பதைக் காண வேண்டுமாயின் வடக்கே செல்ல வேண்டும்.

மணிகள் சொல்லும் செய்தி

ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரமுடையது. நிலப்பரப்பிலிருந்து தனித்து எழுந்து நிற்பதால் கடலில் நெடுந்தொலைவிலிருந்தே அது தெரியும். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு இம்மலையே கரை அடையாளம். இதன் தெற்கே மெர்போக் ஆறும் அதற்கும் தெற்கே மூடா ஆறும் கடலில் கலக்கின்றன. இப்பகுதியில் பரவிக் கிடக்கும் தொல்லியல் இடங்களையே பூஜாங் பள்ளத்தாக்கு என்னும் பொதுப்பெயரால் வழங்குகிறோம்.

இவ்விடங்களை எழுத்தில் முதலில் பதிவு செய்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி. 1834இல் அவர் இன்றைய செபராங் பிறைப் பகுதியில் கல்வெட்டுப் பலகை ஒன்றைக் கண்டெடுத்தார். தூபி உருவமும் வடமொழி வரிகளும் பொறிக்கப்பட்ட அக்கல் ஏறத்தாழ கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். இரத்தமிருத்திகை, அதாவது செம்மண் நாடு என்னும் ஊரைச் சேர்ந்த பெருநாவிகன் புத்தகுப்தன் என்பவனின் பெயரை அது தாங்கி நிற்கிறது. இக்கல் இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. அவ்வூர் வங்காளத்தில் இருந்தது என்று கருதுவோர் உளர். எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்து மரபைச் சார்ந்தது, மொழி வடமொழி, சமயம் பௌத்தம், கல் கிடைத்தது மலாய்த் தீவக்குறையில். ஒரு கல்லைக் கொண்டு ஓர் இனத்தை மட்டும் நிறுவிவிட முடியாது என்பதற்கு இக்கல்லே முதற்பாடம்.

1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ், அவர்தம் துணைவியார் டோரதி வேல்ஸ் ஆகிய இருவரும் இப்பகுதியில் அகழாய்வு நடத்தி, ஏறத்தாழ முப்பது இடங்களுக்கு எண்ணிட்டுப் பதிவு செய்தனர். பண்டைக் கோயிற் கட்டடங்களை மலாய் மொழியில் சண்டி என்பர். இன்றும் நாம் எட்டாம் சண்டி, பதினொன்றாம் சண்டி என எண்ணால் வழங்குவது வேல்ஸ் வகுத்த முறையினாலேயே. எட்டாம் எண்ணுடைய புக்கிட் பத்து பாகாட் சண்டியை 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலாஸ்டர் லாம் தலைமையில் மீண்டும் கட்டி நிறுத்தினர். அதன் கல் விமானமும், தூண்களைத் தாங்கிய மண்டப அடித்தளமும் இன்று காணக் கிடைக்கின்றன. மேற்கூரை மரத்தாலும் ஓலை போன்றவற்றாலும் ஆனதாகலின் அழிந்துபோயிற்று. 1980இல் இதன் அருகே தொல்லியல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

சுங்கை மாஸ் சிற்றூரின் சிறப்பு வெளிப்பட்டதும் ஏறக்குறைய அக்காலத்திலேதான். 1980களில் அங்கு நடந்த அகழாய்வுகளில் சீன நாட்டுத் தாங் காலப் பீங்கான் துண்டுகளும், மேற்காசியாவிலிருந்து வந்த நீலப்பச்சை மெருகூட்டிய கலன்களின் துண்டுகளும், எண்ணற்ற கண்ணாடி மணிகளும் கிடைத்தன. வடமொழியில் பௌத்தச் சொற்றொடர் பொறிக்கப்பட்ட கல்லொன்றும் அங்குக் கிடைத்தது.

இவற்றுள் மணிகளே பெரிதும் எண்ணத்தக்கவை. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, அதனைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கும் தொழில்நுட்பத்தால் செய்யப்பட்டவை அவை. புதுச்சேரிக்கு அண்மையில் உள்ள அரிக்கமேட்டில் இத்தொழில் மிகப் பழங்காலத்தில் சிறந்து விளங்கியது. பின்னர் இலங்கையின் மாந்தை, வியட்நாமின் ஓக் இயோ முதலிய துறைகளுக்கும் அது பரவியது. சுங்கை மாஸில் முழுமணிகளோடு கண்ணாடிக் கட்டிகளும் தொழிற்கழிவும் கிடைத்தன. வணிகப் பொருள் மட்டும் கிடைத்தால் அது வந்திறங்கிய ஊர் என்போம். கழிவும் கிடைத்தால் அது செய்யப்பட்ட ஊர் என்போம். எனவே சுங்கை மாஸ் மக்கள் அயலார் கொணர்ந்த பண்டத்தை வாங்கி அணிந்தவர்கள் மட்டுமல்லர். அக்கைத்தொழிலைக் கற்றுத் தாமே செய்து பிறர்க்கு விற்றவர்களும் ஆவர்.

ஆறு விலகியதால் அமைந்த சிற்றூர்

பெருந்துறை ஒன்று எவ்வாறு அமைதியான சிற்றூராக மாறியது? போரும் தீயுமே ஊர்களை அழிக்கும் என்று நாம் எண்ணப் பழகிவிட்டோம். சுங்கை மாஸின் வரலாற்றில் பெரும்பங்கு சேற்றுக்கே உரியது. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கழிமுகத்தில் இட்டன. ஆண்டுக்கு ஆண்டு கரை கடலை நோக்கி நீண்டது. ஆறுகளும் தம் போக்கை மாற்றிக்கொண்டன. ஒரு காலத்தில் கப்பல் நின்ற இடம் பின்னர்ச் சதுப்பாகிப் பின் நெல்வயலும் தோப்புமாகியது. பழைய சுங்கை மாஸ் இன்று கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருப்பது இதனாலேதான்.

துறை தூர்ந்தபோது வணிகம் அழிந்துவிடவில்லை, இடம் பெயர்ந்தது. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் சிறந்து விளங்கிய சுங்கை மாஸை அடுத்து, 11ஆம் நூற்றாண்டு முதல் மெர்போக் ஆற்றின் கிளைக் கரையில் உள்ள பெங்காலான் பூஜாங் முதன்மை பெற்றது. பெங்காலான் என்றாலே இறங்குதுறை என்றுதான் பொருள். அங்கும் இன்று ஒரு கம்பமே உள்ளது. அதன் மண்ணில் சொங், யுவான் காலச் சீனப் பீங்கான்களும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் மிகுதியாகக் கிடைத்தன. 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா தலையெடுத்தபோது கெடாவின் பழந்துறைகளின் புகழ் மங்கியது.

இவ்வாறு மக்கள் நீங்கிய இடம் பாழாகவே கிடக்கவில்லை. பின்வந்தவர்கள் அங்கே நெல் நட்டனர், பழமரம் வைத்தனர், வீடு கட்டினர். தூண்களின்மேல் நிற்கும் மரவீட்டுக்கு ஆழமான அடித்தளம் வேண்டுவதில்லை. ஏர் உழுவது மேல்மண்ணை மட்டுமே. ஆகவே சிற்றூர் தன் அடியில் கிடந்த பழைய ஊரைப் பெரும்பாலும் தொடாமலே காத்து வந்தது. மக்கள் குடியிருப்பு தொல்லியலுக்கு இடையூறு என்பது பொதுவான எண்ணம். பூஜாங் பள்ளத்தாக்கில் நாம் காண்பது அதற்கு மாறானது. ஆழத் தோண்டும் பொறிகள் வருங்காறும் சிற்றூரே அங்குப் புதையலுக்குக் காவலாக இருந்தது.

சுங்கை பத்து: இரும்பும் செங்கல்லும்

2007ஆம் ஆண்டுக்குப் பின் இவ்வரலாற்றில் புதியதோர் அதிகாரம் தொடங்கியது. சுங்கை பத்து என்னுமிடத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே தொண்ணூறுக்கும் மேற்பட்ட மேடுகள் கண்டறியப்பட்டன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உலகத் தொல்லியல் ஆய்வு மையம் 2009 முதல் அங்கு அகழாய்வு நடத்தியது. இரும்பு உருக்கிய உலைகள், இரும்புக் கசடு, காற்றை உலைக்குள் செலுத்திய சுடுமண் துருத்திக் குழாய்கள், ஆற்றங்கரைத் துறைமேடைகள், வட்ட அடித்தளமுடைய செங்கற் கட்டடம் ஒன்று ஆகியவை வெளிப்பட்டன. அச்செங்கற் கட்டடம் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என அகழாய்வாளர் அறிவித்தனர். இரும்புத் தொழில் கி.மு. காலத்திலேயே தொடங்கியது என்றும் அவர்கள் கூறுகின்றனர். இம்முற்பட்ட காலக்கணிப்பை ஆய்வுலகம் முழுவதும் ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது.

அவ்விவாதத்தின் காரணத்தை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. கரிமக் கணிப்பு என்னும் முறை, உலையில் எரிந்த கரியின் வயதைச் சொல்கிறது. உலையின் வயதை நேரடியாகச் சொல்வதில்லை. முந்நூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் நடுத்தண்டை வெட்டி எரித்தால், உலை மூட்டிய நாளுக்கு முந்நூறு ஆண்டு முந்திய காலமே கணக்கில் வரும். எனவே ஒரு துண்டுக் கரியை நம்பி நூற்றாண்டுகளை நிறுவிவிட முடியாது. பல மாதிரிகள், மண்ணடுக்கின் ஒழுங்கு, உடன்கிடைத்த பானை ஓடுகள், செங்கல்லையே கணிக்கும் ஒளியுமிழ்வு முறை ஆகிய யாவும் ஒத்து வர வேண்டும். எண் பெரிதாக இருந்தால் பெருமையும் பெரிதாகும் என்று எண்ணுவது வரலாற்று அறிவுக்கு ஏற்றதன்று.

செங்கல்லைப் பற்றிப் பேசும்போது நம் பிரிக்பீல்ட்ஸ் நினைவுக்கு வருகிறது. 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர, ஓலைக் கட்டடங்களை அழித்தபின், நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்டுமாறு ஆங்கிலேய ஆட்சியாளர் சுவெட்டன்ஹாம் ஆணையிட்டார். அதற்கெனச் செங்கற்சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. இன்று அங்குச் சூளை ஒன்றும் இல்லை; பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. சுங்கை பத்துவிலோ பெயர் மறைந்து செங்கல் எஞ்சியது. அத்துறையை அதன் மக்கள் எப்பெயரால் அழைத்தனர் என்பதை எந்தச் செங்கல்லும் சொல்லவில்லை.

கடாரம் யாருடையது?

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். நம் இலக்கியமும் கல்வெட்டும் கெடாவைக் குறிப்பிடுவது உண்மை. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பண்டங்களைக் கூறும் பட்டினப்பாலை, காழகத்துப் பொருள்களையும் உடன் கூறுகிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். வடமொழியாளர் கடாஹம் என்றனர். 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குச் சென்ற சீனத் துறவி இ-சிங் வழியில் தங்கிய துறைகளுள் ஒன்றைக் கெடா என அடையாளம் காண்பர். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைகளைத் தாக்கியது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அவனுடைய மெய்க்கீர்த்தி, தாக்கப்பட்ட இடங்களை வரிசையாகக் கூறிக் கடாரத்தையும் சேர்க்கிறது. கடாரம் கொண்டான் என்னும் பட்டமும் அதனால் எழுந்ததே.

ஆனால் இவ்வுண்மையிலிருந்து நம்மவர் சிலர் வேறொரு முடிவுக்குத் தாவிவிடுகின்றனர். பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகள் அனைத்தும் சோழர் கட்டியவை என்றும், கடாரம் தமிழர் ஆண்ட நாடு என்றும் மேடையில் சொல்லப்படுவதைக் கேட்கிறோம். காலத்தை ஒப்பிட்டாலே இதன் பிழை விளங்கும். புத்தகுப்தனின் கல் சோழர் படையெடுப்புக்கு ஐந்து நூற்றாண்டுகள் முந்தியது. சுங்கை மாஸ் செழித்திருந்த காலமும் படையெடுப்புக்கு முந்தியதே. மேலும் படையெடுப்பு என்பது வேறு, நிலைத்த ஆட்சி என்பது வேறு. சோழர்கள் கடாரத்தில் நெடுங்காலம் நேராட்சி நடத்தினர் என்பதற்குச் சான்று இல்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. இவ்விடங்கள் அயல்நாட்டு வணிகர் விட்டுச்சென்ற எச்சங்கள், இன்று இங்கு வாழ்வோருக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்பது அப்பிழை. வேல்ஸ் இவற்றை இந்தியக் குடியேற்றங்களாகவே கண்டார். பின்வந்த ஆய்வாளர்கள் இம்மண்ணின் மக்களையே நடுவில் வைத்து நோக்கினர். இரும்பை உருக்கியவர்கள், மணி செய்தவர்கள், காட்டுப் பொருள்களைக் கொணர்ந்தவர்கள், தலைவர்களாக இருந்து துறையை நடத்தியவர்கள் ஆகியோர் பெரும்பாலும் இவ்வட்டாரத்தவரே. இந்தியாவிலிருந்து வந்த சமயங்களையும் எழுத்தையும் கட்டடக் கலையையும் தமக்கு வேண்டியவாறு அவர்கள் தேர்ந்து ஏற்றனர். எட்டாம் சண்டி தென்னிந்தியக் கோயிலை நினைவூட்டுகிறது. ஆயினும் அப்படியே அதனை ஒத்த கோயில் ஒன்றைத் தமிழகத்தில் காட்ட இயலாது.

அப்படியாயின் தமிழர்க்கு அங்கு இடமில்லையா? உண்டு. மேற்குக் கரையில் இன்னும் வடக்கே, இன்றைய தாய்லாந்தின் தக்குவாபாவில், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அஃது அவனிநாரணம் என்னும் குளத்தைக் குறிப்பிட்டு, மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவையும் கூறுகிறது. சுமாத்திராவின் லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே இக்கடற்கரையெங்கும் தமிழ் வணிகர் வந்தனர், தங்கினர், குளம் தொட்டனர், எழுத்தும் பொறித்தனர். கெடாவின் துறைகளிலும் அவர்கள் இருந்திருப்பர். ஆனால் வங்காளத்தாரும் சீனரும் மேற்காசியரும் அத்துறைகளோடு உறவு கொண்டிருந்தனர். விருந்தினருள் ஒருவராக இருந்ததே நம் பெருமை. அதற்கு மேல் வீட்டுரிமை கோருவதற்குச் சான்று இடந்தரவில்லை.

இரு கரைகளில் இரு இடிபாடுகள்

உறவு ஒருவழிப்பட்டதன்று என்பதற்கு நாகப்பட்டினம் சான்று. கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் அரசனான மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளி எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் வழங்கிய செய்தியை, லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. கடாரத்தரசன் தமிழ்மண்ணில் பள்ளி கட்டினான். சோழன் அதற்கு ஊர் கொடுத்தான். அந்தச் சோழனின் மகனே பின்னர்க் கடாரத்தைத் தாக்கினான். கொடையும் படையும் ஒரே தலைமுறைக்குள் அடங்கிய உறவு அது.

நாகப்பட்டினத்தில் பௌத்தக் கட்டடத்தின் எச்சமாகச் செங்கற்கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. கடலில் செல்வோர் அதனை அடையாளமாகக் கொண்டனர். 1867இல் அரசின் இசைவோடு அது இடிக்கப்பட்டது. அவ்விடத்தைச் சூழ்ந்து கிடைத்த ஏறத்தாழ 350 புத்தர் படிமங்களைக் கொண்டே இன்று அதன் பழம்பெருமையை நாம் அறிகிறோம்.

அதே கதி கடாரத்திலும் நேர்ந்தது. வேல்ஸ் எண்ணிட்ட பதினொன்றாம் சண்டி, 2013ஆம் ஆண்டில் வீடமைப்புப் பணிக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது தகர்க்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் செய்தி வெளிப்பட்டபோது நாடெங்கும் அதிர்ச்சி எழுந்தது. அந்நிலம் தனியாருடையது என்றும், சண்டி பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் அறிவிக்கப்படவில்லை என்றும் விளக்கம் தரப்பட்டது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே இயற்றப்பட்டிருந்தது. ஆனால் சட்டம் காப்பது பட்டியலில் ஏறியதை; பட்டியலில் ஏறாதது மேடாகவே எண்ணப்படும், மேடு சமன்படுத்தப்படும்.

பல நூற்றாண்டு மழையும் உழவும் தாங்கிய கட்டடம் மண்வாரிப் பொறிக்கு ஆற்றாது போயிற்று. அன்று நம்மவருள் எழுந்த வருத்தம் உண்மையானது. ஆனால் அவ்வருத்தத்தின் ஒரு பகுதி, சண்டி நம்முடையது என்ற எண்ணத்திலிருந்து எழுந்தது. நம்முடையது அன்றாயின் வருந்தியிருக்க மாட்டோமா? இவ்வினாவை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பௌத்தத் தூபியாயினும், மலாய்க் கொல்லரின் உலையாயினும், சுங்கை லாங்கின் முரசாயினும் இழப்பு ஒன்றே. ஓர் இனத்தின் உரிமையை மட்டும் நம்பிக் காக்கப்படும் தொல்லிடம், மற்றோர் இனத்தாரால் எளிதில் கைவிடப்படும். நாட்டார் அனைவரும் தமதென்று எண்ணினால் மட்டுமே அது நிலைக்கும்.

நம் காலத்து மேடுகள்

இச்செய்தி நம் வாழ்வோடு நெருங்கியது. சுபாங் ஜெயா நகரம் சீபீல்ட் ரப்பர்த் தோட்டத்தின்மேல் எழுந்தது. பங்சார் என்னும் பெயரிலேயே புங்கே, கிரிசார் என்னும் தோட்ட உரிமையாளர் இருவரின் பெயர்கள் மறைந்துள்ளன. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர் குடும்பங்கள் பல தலைமுறை வாழ்ந்த ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் குடியிருப்பு இன்று இல்லை. நம் பாட்டன்மார் பால் வெட்டிய நிரைகளும், அவர்கள் வாழ்ந்த லயங்களும், தோட்டத்துப் பள்ளியும், கோயிலும் இருந்த இடங்களில் அடுக்குமாடிகளும் நெடுஞ்சாலைகளும் நிற்கின்றன. நாமும் ஊருக்கு அடியில் ஊரை உடையவர்களே. சுங்கை மாஸ் புதையப் பல நூற்றாண்டுகள் ஆயின. தோட்டங்கள் புதைய ஒரு தலைமுறை போதுமானதாயிற்று.

மரவீடும் தகரக்கூரையும் செங்கல்போல் நிலைப்பதில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து ஓர் ஆய்வாளர் இவ்விடங்களை அகழ்ந்தால் பால் கிண்ணங்களின் உடைசல் கிடைக்கலாம். அவற்றை ஏந்திய கைகளின் கதை கிடைக்காது. எனவே நம் காலத்து மேடுகளுக்கு நாமே பதிவாளராக வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலிருந்தே தொடங்கலாம். தாம் பயிலும் பள்ளி நிற்கும் நிலம் முன்பு என்னவாக இருந்தது என்னும் ஒரே வினாவை மாணவரிடம் கொடுக்கலாம். தாத்தா பாட்டியின் நினைவு, பழைய படம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பள்ளி வருகைப் பதிவேடு ஆகிய யாவும் சான்றுகளே. அச்சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படும்போது எதனை ஏற்பது, ஏன் ஏற்பது என்று மாணவர் எழுதிக் காட்ட வேண்டும். கரித்துண்டின் வயதைப் பற்றி ஆய்வாளர் நடத்தும் விவாதமும் இத்தகையதே என்பதை அவர்கள் தாமே உணர்வர். பின்னர் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றால், அங்குள்ள கற்கள் அவர்களோடு பேசும். மண்ணில் பழம்பொருள் எதனையேனும் கண்டால் அதனை எடுத்துச் செல்லாமல் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது சட்டப்படியான கடமை என்பதையும் அவர்களுக்கு உணர்த்துதல் வேண்டும். இடம்பெயர்க்கப்பட்ட மணி வெறும் அணிகலன். கிடந்த இடத்திலேயே பதிவு செய்யப்பட்ட மணியே வரலாற்றுச் சான்று.

கடாரம் நம்முடையதா என்று கேட்ட மாணவருக்கு இன்று நான் சொல்லக்கூடிய விடை இதுதான். கடாரத்தை நாம் கட்டவில்லை; நெடுங்காலம் ஆளவும் இல்லை. அதனோடு வணிகம் செய்தோம்; அதன் அரசன் நம் கரையில் கட்டிய பள்ளிக்கு ஊர் கொடுத்தோம்; ஒருமுறை அதன்மேல் படையும் எடுத்தோம். பின்னொரு காலத்தில் கூலிகளாக இந்நாட்டுக்கு வந்து, அதே கெடாவின் தோட்டங்களில் அம்மேடுகளுக்கு நடுவே உழைத்தோம். இன்று நாம் இந்நாட்டின் குடிமக்கள். அந்த உரிமையால் கடாரம் நம்முடையது; சுங்கை மாஸில் வாழும் மலாய்க் குடும்பத்துக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு. அதைக் காக்கும் கடமையும் அதே அளவு நம்முடையது.